விருந்தினர் கடன்

பிறந்த ஊரிலேயே வாழ்நாள் முழுதும் அடங்கிக் கிடத்தல் மனித இயல்பன்று. காணாத ஊரைக் காண வேண்டும், கேளாத செய்தியைக் கேட்க வேண்டும் என்னும் வேட்கை எல்லார் உள்ளத்திலும் உண்டு. அவ்வேட்கையைப் பண்டைத் தமிழரும் போற்றினர். பத்துப்பாட்டு என்னும் தொகை நூலில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சேர்ந்தவை. ஆற்றுப்படையாவது வழி கூறிச் செலுத்துதல். எவ்வழியே செல்ல வேண்டும், வழியில் எவ்வெவ்வூர் எதிர்ப்படும், அவ்வூரார் எத்தகைய உணவு தந்து போற்றுவர் என்பனவற்றை அப்பாட்டுகளில் விரிவாகக் காணலாம். மலைபடுகடாம் என்னும் பாட்டோ, மலை வழியில் எங்கெங்கு இடர் உண்டு, எவ்வாறு விழிப்புடன் நடக்க வேண்டும் என்பதையும் எடுத்துரைக்கின்றது.

வரும் விருந்தினரைப் பேணுவோரின் கடமையை நம் நூல்கள் பலபடக் கூறுகின்றன. திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயின், விருந்தாகச் செல்வோனுக்கும் கடமை ஒன்று உண்டு அன்றோ? ஒருவர் வீட்டிற்கு விருந்தாகச் செல்வோன் அவ்வீட்டுக் குடத்து நீரைக் கவிழ்த்துக் கொட்டுவதில்லை. முற்றத்திலே குப்பையை எறிவதில்லை. மாடத்தில் இருக்கும் பொருளை எடுத்து மடியில் கட்டிக்கொள்வதில்லை. வீட்டிற்குரிய இம்முறை ஊருக்கும் உரியதே. ஆயினும் வீட்டில் அடக்கத்தோடு நடப்பவருள் பலர், வெளியூரில் கால் வைத்தவுடன் அதனை மறந்துவிடுகின்றனர். "இங்கே நம்மை அறிவார் யார்?" என்னும் எண்ணமே அதற்குக் காரணம். விருந்தினர் கடன் இன்னது என்பதைத் தூத்துக்குடி என்னும் துறைமுக நகரைக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்.

முத்தும் முறையும்

தூத்துக்குடிக்கு முத்துநகர் என்று ஒரு பெயர் உண்டு. அப்பெயருக்குக் காரணமான முத்து வளம் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. தாமிரபரணி கடலொடு கலக்கும் இடத்திலே பாண்டியரின் துறைமுகமாக விளங்கியது கொற்கை. பழந்தமிழ்ப் பாட்டுகள் பலவும் அதன் முத்தைச் சிறப்பிக்கின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற பெரிப்புளூஸ் என்னும் கடற்செலவு நூலும் அங்கு நடந்த முத்துக்குளிப்பைக் குறிக்கின்றது. தண்டனை பெற்ற குற்றவாளிகளே அத்தொழிலில் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் கூறுகின்றது. அரசியின் கழுத்தில் ஒளிர்ந்த முத்து, யாரோ ஒருவன் தன் மூச்சை விலையாகக் கொடுத்து எடுத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆறு கொணர்ந்த வண்டலால் கடல் மெல்ல விலகிற்று. கொற்கை இன்று கடலினின்று சில கல் தொலைவு உள்ளே ஒதுங்கிய சிற்றூராக இருக்கின்றது. அதற்குப்பின் காயல் சிறந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, முத்துக்குளிப்பின் செய்திகளை விரிவாக எழுதி வைத்தார். பின்னர்த் தூத்துக்குடி தலையெடுத்தது. போர்த்துக்கீசியர், அவர்க்குப்பின் 1658ஆம் ஆண்டு முதல் ஒல்லாந்தர், இறுதியில் ஆங்கிலேயர் என்று மேலை நாட்டார் ஒருவர்பின் ஒருவராக இந்நகரைக் கைக்கொண்டதற்கு இம்முத்தும் ஒரு காரணமாகும்.

கடலடியில் சிப்பிகள் பற்றி வளரும் பாறைத் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். அரசின் அறிவிப்பின்படி பலரும் கூடி முத்துக் குளிக்கும் நிகழ்ச்சிக்குச் 'சலாபம்' என்று பெயர். மூழ்குவோன் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைத்து ஆழத்தில் இறங்குவான். ஏறத்தாழ ஒரு நிமிட நேரம் மூச்சை அடக்கிக்கொண்டு, கைக்கு அகப்படும் சிப்பிகளைத் திரட்டி வலைப்பையில் இடுவான். தோணியில் நிற்பவன் கயிற்றின் அசைவை உணர்ந்து அவனை மேலே இழுத்துக்கொள்வான். ஒருவன் உயிர் மற்றொருவன் கையில் இருந்தது.

சலாபம் ஆண்டுதோறும் நடைபெற்றதன்று. முதலில் பாரைச் சோதிப்பர். மாதிரிக்குச் சில சிப்பிகளை எடுத்து அவற்றின் வயதையும் முத்தின் மதிப்பையும் கணக்கிடுவர். சிப்பி முதிரவில்லையெனின் அப்பாரைத் தொடாமல் விட்டுவிடுவர். சலாபம் இன்றியே பல ஆண்டுகள் தொடர்ந்து கழிந்ததும் உண்டு. சங்கு குளித்தலிலும் இத்தகைய விதி ஒன்று இருந்தது. அளவிற் சிறிய சங்கு கையில் அகப்பட்டால், அதனை உயிரோடு மீண்டும் கடலிலேயே விட்டுவிட வேண்டும். இவ்விதிகளை அரசினர் தம் வருவாய் கருதியே வகுத்தனர் எனலாம். எனினும் அவற்றினுள்ளே ஓர் அறிவு உண்டு: முதிராததைத் தொடாதே, எடுத்த இடத்திற்கு ஓய்வு கொடு, அளவறிந்து கொள்.

1955ஆம் ஆண்டு முதல் 1961ஆம் ஆண்டு வரை தூத்துக்குடியில் சலாபம் நடைபெற்றது. அதுவே இறுதிச் சலாபம். அதன்பின் குளிப்புக்குப் போதிய அளவில் சிப்பிகள் பார்களில் திரளவில்லை. இதற்கு அறிஞர் கூறும் காரணங்கள் பல. 1973ஆம் ஆண்டில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியிலேயே வளர்ப்பு முத்தை உண்டாக்கி வெற்றி கண்டனர். அவ்வெற்றி போற்றத்தக்கது. ஆயினும், கடல் தானே முதிர்வித்து வழங்கிய அந்தப் பழைய வளம் மீளவில்லை. ஈராயிரம் ஆண்டு வழங்கிய கையும் ஒரு நாள் மூடிக்கொள்ளக்கூடும் என்பதே முத்துநகர் நமக்குக் கற்பிக்கும் முதற்பாடமாகும்.

மூழ்கிய தீவுகள்

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாகக் கிடந்தன. தூத்துக்குடிக்கு அண்மையில் உள்ளவை வான்தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி என்னும் நான்கு. இத்தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உண்டு. பவளப்பாறை வெறுங்கல் அன்று. கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுயிர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கட்டிய வீடு அது. அவ்வீட்டின் சந்துகளில் மீன்கள் குஞ்சு பொரித்து வளர்கின்றன. அதனை அடுத்த கடற்புல் வெளிகளில் கடற்பசு மேய்கின்றது. ஆமைகளும் இரை தேடுகின்றன. மேலும், கரையை நோக்கி வரும் அலையின் வேகத்தை அப்பாறைகள் தாங்கித் தணிக்கின்றன. எனவே, கரையில் வாழ்வார்க்கு அவை மதில் போன்றவை.

அம்மதிலை மக்களே இடித்தனர். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறைகள் பல்லாண்டுக் காலம் வெட்டி எடுக்கப்பட்டன. தோணி தோணியாகக் கரை சேர்ந்த அக்கல், சூளையில் வெந்து சுண்ணாம்பாயிற்று. பாறையின் காப்பை இழந்த தீவுகளை அலை அரித்தது. விலாங்குச்சல்லியும், கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் நீருள் மறைந்தன. வான்தீவும் மிகச் சுருங்கிற்று. அதனைக் காக்கும்பொருட்டு 2015ஆம் ஆண்டு முதல் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கினர். இயற்கை கூலியின்றிச் செய்த வேலையை இப்பொழுது பெரும்பொருள் செலவிட்டுச் செய்ய வேண்டியதாயிற்று.

பாறையை வெட்டியோர் செல்வர் அல்லர். அன்றாடக் கூலிக்கு உழைத்த எளியவரே. வாங்குவோர் இருந்தமையால் அவர்கள் வெட்டினர். ஆதலின் பழி வெட்டியோனை மட்டும் சாராது, வாங்கியோனையும் சாரும். பயணம் செல்வோர் ஊன்றி நினைக்க வேண்டிய உண்மை இது.

1986ஆம் ஆண்டில் இத்தீவுப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. பவளம், கடல்விசிறி, கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவற்றை 2001ஆம் ஆண்டு முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கின்றது. அவற்றைப் பிடித்தலும் விற்றலும் வாங்குதலும் குற்றமாம். எனவே, தூத்துக்குடிக்குச் செல்வோர் இசைவு இன்றித் தீவுகளில் இறங்குதல் கூடாது. இசைவு பெற்ற இடத்திலும் பவளத்தின்மேல் கால் வைத்தல் கூடாது. "நினைவுக்காக ஒரு சிறு துண்டு" என்று எடுத்துக்கொள்ளும் கை, பல்லாண்டு வளர்ச்சியை ஒரு நொடியில் ஒடிக்கின்றது. நீரின் வெப்பம் மிகுந்தால் பவளம் வெளிறித் தளர்கின்றது. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் உலகின் பல கடல்களில் அந்நோய் பரவியது. மன்னார் வளைகுடாவும் அதற்குத் தப்பவில்லை. நோயுற்றுக் கிடப்பவரை மிதிப்பார் உண்டோ?

பிற நாடுகளும் இவ்வுண்மையைத் துன்பப்பட்டே உணர்ந்தன. தாய்லாந்து நாட்டு மாயா விரிகுடாவிற்கு நாள்தோறும் பெருந்திரளாகப் படகேறி வந்தோரால் அங்கிருந்த பவளம் அழிந்தது. அரசினர் 2018ஆம் ஆண்டில் அவ்விடத்தை மூடினர். 2022ஆம் ஆண்டிலேயே கட்டுப்பாடுகளுடன் மீண்டும் திறந்தனர். பசிபிக்குக் கடலில் உள்ள பலாவு என்னும் சிறு நாடு வேறொரு வழி கண்டது. அங்கு வந்து இறங்குவோர், அந்நாட்டுச் சிறுவர்களை முன்னிறுத்தி, "உங்கள் தீவுகளுக்குக் கேடு செய்யோம்" என்னும் கருத்தமைந்த உறுதிமொழியில் கையொப்பம் இட வேண்டும். 2017ஆம் ஆண்டின் இறுதி முதல் அவ்வுறுதிமொழி வருவோரின் கடவுச்சீட்டிலேயே பதிக்கப்படுகின்றது. விருந்தினர் கடனை ஒரு நாடு எழுத்தில் வாங்கிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. எழுத்தில் கேளாத ஊர்களிலும் நாம் அக்கடனை மறுக்கலாமோ?

எக்கலத்தில் ஏறுவது?

ஊரை அடைந்தபின் செய்ய வேண்டுவனவற்றைக் கண்டோம். ஊரை எவ்வாறு அடைவது என்பதும் ஆராயத்தக்கதே. ஏறும் ஊர்தியைத் தேர்ந்தெடுத்தல் வெறும் வசதியைப் பற்றியதன்று, அஃது அறத்தையும் பற்றியது என்று தமிழ்நாட்டுக்கு உணர்த்திய ஊர் தூத்துக்குடியே.

ஒட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு பிறந்த வ. உ. சிதம்பரனார், 1906ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அந்நாளில் வெள்ளையர் கம்பெனியின் கப்பல்களே ஓடின. 1907ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்னும் சுதேசிக் கப்பல்கள் இரண்டு தூத்துக்குடிக்கு வந்தன. வெள்ளையர் கம்பெனி உடனே கட்டணத்தைக் குறைத்தது. பின்னர்க் கட்டணம் இன்றியே ஏற்றிச் செல்லவும், ஏறுவோர்க்குக் குடை கொடுக்கவும் முன்வந்தது என்பர். எனினும் மக்கள் பலர் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலிலேயே ஏறினர். "எது மலிவு?" என்று அவர்கள் கேட்கவில்லை; "நான் கொடுக்கும் காசு எதனை வளர்க்கும்?" என்று கேட்டனர். 1908ஆம் ஆண்டில் சிதம்பரனார் சிறைப்பட்டார். கம்பெனியும் சில ஆண்டுகளில் கலைந்தது. ஆயினும் அக்கேள்வி கலையவில்லை. இந்நகரின் பெருந்துறைமுகம் 2011ஆம் ஆண்டு முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

அதே கேள்வியை இன்று நாம் வேறு வகையிற் கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் எரிக்கும் எண்ணெயின் புகை காற்றில் கலக்கின்றது. காற்றின் வெப்பம் கடலிலும் ஏறுகின்றது. பவளம் வெளிறுவதற்கு அதுவே பெருங்காரணம். ஆகவே, பலர் சேர்ந்து செல்லும் ஊர்தியே சிறந்தது. தூத்துக்குடிக்கு 1876ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை வந்துவிட்டது. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கும் வரையில், சென்னையினின்று இலங்கைக்குச் சென்றோர் தூத்துக்குடி வரை இரயிலில் வந்து அங்கே கப்பலேறினர். இன்றும் சென்னையில் மாலையில் புறப்படும் முத்துநகர் விரைவு வண்டி மறுநாட் காலையில் தூத்துக்குடியை அடைகின்றது. அவ்வண்டியின் ஒரு பெட்டியில் 72 பேர் செல்வதாகக் கொள்வோம். அந்த 72 பேரும் நால்வர் நால்வராகக் காரிற் சென்றால் 18 கார்கள் இரவெல்லாம் ஓட வேண்டும். கணக்கு எளிது, அதனைப் போட்டுப் பார்ப்பவரே அரியர்.

நகருக்குள்ளும் பேருந்து உண்டு. அண்மையில் உள்ள இடங்களுக்கு நடந்து செல்லலாம். பழைய துறைமுகத்தையும் பனிமய மாதா பேராலயத்தையும் சூழ்ந்த தெருக்களை நடந்து காண்பதே நன்று. தோணிகளையும், உப்பு மூட்டைகளையும், கருவாட்டு மணத்தையும், கப்பலுக்குப் போகும் சரக்கையும் விரைந்தோடும் காரின் கண்ணாடி வழியே உணர முடியுமோ?

நீரின் அருமை

தூத்துக்குடி மழை குறைந்த ஊர். வெயிலும் காற்றும் மிக்க ஊர். அதனாலேயே உப்பு அங்கே நன்கு விளைகின்றது. இந்திய நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு மிகுதியாக விளைவது தமிழ்நாட்டில். தமிழ்நாட்டின் உப்பில் பெரும்பகுதி தூத்துக்குடிக் கரையில் விளைவது. பாத்திகளில் நீரைத் தேக்கி, வெயிலில் வற்றச் செய்து, உப்பை வாரிக் குவிக்கின்றனர். கண்ணைக் கூசச் செய்யும் அவ்வெண்ணிலத்தில் ஆண்களும் பெண்களும் வெறுங்காலுடன் உழைக்கின்றனர். அவர்கள் நாள் முழுதும் நீரில் நிற்கின்றனர்; ஆயின் அந்நீர் ஒரு துளியும் குடித்தற்கு ஆகாது.

நகருக்குக் குடிநீர் தருவது தாமிரபரணி. பொதிகையில் தோன்றித் தமிழ்நாட்டிலேயே ஓடிப் புன்னைக்காயலில் கடலை அடையும் அவ்வாற்றின் நீரை, வல்லநாட்டினின்று குழாய் வழியே கொண்டுவருகின்றனர். அந்நீரை வயல்களும் வேண்டுகின்றன, வீடுகளும் வேண்டுகின்றன, ஆலைகளும் வேண்டுகின்றன. விடுதியில் தங்கும் விருந்தினர், குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்குவதும், ஒரு நாள் உடுத்த துணிக்காகக் குடங்குடமாய் நீரைக் கொட்டுவதும் தகுமோ? "வாடகை கொடுத்தேன்" என்பது விடையாகாது. வாடகை அறைக்குக் கொடுத்ததேயன்றி, ஆற்றுக்குக் கொடுத்ததன்று.

நீர் அருமையான அவ்வூரே ஒரு முறை நீரில் மூழ்கிய செய்தியும் உண்டு. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் நாட்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அன்றிரவு திருச்செந்தூரினின்று சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி, முன்னே தண்டவாளத்தின் அடிமண் அரிக்கப்பட்டமையால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. அதில் ஏறத்தாழ 800 பயணிகள் இருந்தனர். சிலரை அருகிலிருந்த பள்ளியில் தங்க வைத்தனர். எஞ்சியோர் நாற்புறமும் வெள்ளம் சூழ நிலையத்திலேயே சிக்கிக்கொண்டனர். அப்பொழுது அண்மையிலிருந்த புதுக்குடி ஊரார், தம் ஊரும் வெள்ளத்தால் துன்புற்றிருந்தும், தம்மிடம் இருந்த அரிசியைத் திரட்டிச் சமைத்து அப்பயணிகளுக்கு உணவளித்தனர். அவர்கள் யாருடைய பெயரையும் கேட்கவில்லை, ஊரையும் கேட்கவில்லை. வந்தவர் விருந்தினர் என்பதொன்றே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. இத்தகைய மக்கள் வாழும் நிலத்திற்குச் செல்வோர், அவர்கள் நீரை வீணாக்கியும், அவர்கள் மண்ணில் குப்பையைக் கொட்டியும் திரும்புவது நன்றியாகுமோ?

வாங்குவதும் வாங்காததும்

ஊர் காணச் செல்வோர் பொருள் வாங்காமல் திரும்புவதில்லை. வாங்குதல் தவறன்று, அவ்வூரார் பலருக்கு அதுவே பிழைப்பு. எதை வாங்குவது என்பதே வினா. பவளத்தையும் கடற்குதிரையையும் வாங்காதவன் எளியோர் வயிற்றில் அடிக்கின்றான் என்று சிலர் கூறுவர். அக்கூற்றுக்கு விடை அவ்வூர்க் கடைத்தெருவிலேயே உள்ளது. முந்திரிப்பருப்பும் சர்க்கரையும் முட்டையின் வெள்ளையும் சேர்த்துச் செய்யும் மக்ரூன் தூத்துக்குடிக்கே உரியது. உடன்குடிக் கருப்பட்டியும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் அம்மாவட்டத்தின் பெயர்பெற்ற பண்டங்கள். பனையோலையால் முடைந்த பெட்டிகளும் கொட்டான்களும் உண்டு. பனை, நீர் ஊற்றாமலே வளரும் மரம். அதன் ஓலை மண்ணில் விழுந்தால் மண்ணோடு மண்ணாகும். இவற்றை உரிய விலை கொடுத்து வாங்குவோன், பனையேறுவோனையும் பெட்டி முடைவோளையும் வாழவைக்கின்றான். கடலுக்கும் ஊறு செய்யான்.

வாங்கியதை எதில் கொண்டுவருவது? தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு சனவரி முதல் நாளினின்று, ஒரு முறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தடை உள்ளது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் அரசினர் மீண்டும் மஞ்சப்பையை நினைவூட்டினர். நம் பாட்டன்மார் திருமண வீட்டினின்று தேங்காயும் வெற்றிலையும் கொண்டுவந்த அந்த மஞ்சப்பையைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொள்ளப் பெரிய இடம் வேண்டியதில்லை. குடிநீருக்கு ஒரு செம்போ புட்டியோ கையிலிருந்தால் போதும். கடற்கரையில் எறிந்த நெகிழிப்பை காற்றில் பறந்து நீரில் விழும். கடலாமை அதனை இழுதுமீன் என்று எண்ணி விழுங்கும். எறிந்தவன் ஊர் திரும்பி உறங்குவான். விழுங்கியது உயிர் விடும்.

உணவிலும் அளவு வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள், மீன்கள் இனம் பெருகும்பொருட்டு, விசைப்படகுகள் கிழக்குக் கடலில் மீன்பிடித்தல் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய சலாபத்தின் ஓய்வு விதியே இங்கு வேறுருவில் வந்துள்ளது எனலாம். அக்காலத்தில் விரும்பிய மீன் கிடைக்கவில்லையே என்று உணவு விடுதியில் சினங்கொள்வோன், கடல் உறங்கும் நேரத்தில் கதவைத் தட்டும் விருந்தினனை ஒப்பான்.

கடற்கரை சிலர்க்குக் காட்சி. பலர்க்கு அதுவே தொழிற்கூடம். உலர்த்திய வலையின்மேல் நடத்தலும், மீன் இறக்கும் இடத்தில் வழியை மறித்து நிற்றலும், கேளாமலே ஒருவர் முகத்தைப் படம் எடுத்தலும் பண்பாகா. ஆகஸ்டு 5ஆம் நாளில் நிறைவுறும் பனிமய மாதா திருவிழாவாயினும், திருச்செந்தூர்ச் சூரசங்காரமாயினும், அங்கே கூடுவோர் வழிபடக் கூடியவர். வேடிக்கை காட்டக் கூடியவர் அல்லர். அவர்தம் பத்திக்கு இடையூறு செய்யாமல் ஒதுங்கி நின்று காண்பதே விருந்தினர்க்கு அழகு.

ஒருவரால் ஆவது என்ன?

"உலகம் பெரிது, நான் ஒருவன் ஒரு பையை எறியாமல் விட்டால் கடல் தூயதாகிவிடுமோ?" என்று கேட்பார் உளர். அவர்க்கு விடை மூழ்கிய தீவில் உள்ளது. விலாங்குச்சல்லியை ஒரே நாளில் ஒருவன் மூழ்கடிக்கவில்லை. பலர் பல்லாண்டு சிறிது சிறிதாக எடுத்தனர். "நான் எடுப்பது ஒரு கல்தானே" என்று ஒவ்வொருவரும் எண்ணியிருப்பர். தீமை ஒருவர் ஒருவராய்ச் சேர்ந்தே மலையாயிற்று. நன்மையும் அவ்வாறே சேர வேண்டும்; அதற்கு வேறு வழி இல்லை. சுதேசிக் கப்பலில் ஏறியவரும் ஒவ்வொருவராகவே ஏறினர்.

ஆலையின் கழிவையும் நகரின் சாக்கடையையும் தடுக்க வேண்டியவர் வேறு. அவர்கள் கடமை பெரிது என்பதும் உண்மையே. பிறர் கடமை பெரிதாக இருத்தலால் நம் கடமை இல்லாமற் போவதில்லை. தன் கடமையைச் செய்தவனுக்கே பிறரை நோக்கி, "உன் கடமை எங்கே?" என்று கேட்கும் உரிமை உண்டு.

மாணவர்களே! நீங்களும் பள்ளிச் சுற்றுலாவில் பல ஊர்களுக்குச் செல்வீர்கள். செல்லுமுன் அவ்வூரின் வரலாற்றைப் படியுங்கள். எங்கிருந்து அவ்வூர் நீர் பெறுகின்றது, எத்தொழிலால் வாழ்கின்றது என்று கேட்டறியுங்கள். அறிந்த ஊரை யாரும் அழிக்க மனங்கொள்ளார். பலர் கூடிச் செல்லும் வண்டியில் செல்லுங்கள். அளவறிந்து நீரைப் பயன்படுத்துங்கள். உயிருள்ளதை அதன் இடத்திலேயே விட்டு வாருங்கள். கொண்டு சென்ற குப்பையைக் கொண்டே திரும்புங்கள். முத்துக் குளித்தோர், முதிராத சிப்பி கிடந்த பாரைத் தொடாமல் திரும்பினர். அவர்கள் வெறுங்கையுடன் திரும்பிய ஆண்டுகளே, பிற்காலத்தார்க்கு முத்தைச் சேர்த்து வைத்த ஆண்டுகள். உங்களுக்குப்பின் அவ்வூரைக் காண வருவோர்க்கும், என்றும் அங்கேயே வாழ்வோர்க்கும், ஊரை ஊராகவே விட்டு வருதல் விருந்தினர் கடன்.

பயிற்சி

1. ஆற்றுப்படை என்பது யாது? அது பயணம் செல்வோர்க்கு எவ்வாறு பயன்பட்டது?
2. முத்துச் சலாபத்திற்குமுன் பாரைச் சோதித்ததன் நோக்கம் என்ன? அதனால் நாம் அறியும் நெறி யாது?
3. பவளப்பாறையைக் கரைவாழ் மக்களின் மதில் என்று கூறியது ஏன்?
4. "பழி வெட்டியோனை மட்டும் சாராது, வாங்கியோனையும் சாரும்" என்பதனை விளக்குக.
5. சுதேசிக் கப்பலில் ஏறியோர் கேட்ட கேள்வி யாது? அதனை இன்றைய பயணத்திற்குப் பொருத்திக் காட்டுக.
6. 2023ஆம் ஆண்டு வெள்ளத்தில் புதுக்குடி ஊரார் செய்த உதவியை ஒரு பத்தியில் எழுதுக.
7. உங்கள் ஊருக்கு வரும் விருந்தினர் பின்பற்ற வேண்டிய நெறிகள் ஐந்தினை, அவ்வவற்றின் காரணத்துடன் எழுதுக.